ஜெனரலின் நெற்றியில் ஒரு பொட்டு

தகர மூடிக்குள் நான்கு தீக்குச்சிகள் கிடந்தன. மூன்றுதான் கிடந்திருக்க வேண்டும்.

கடையைப் பூட்டக் கிளம்பிய சாயங்கால நேரம். கரண்டு போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தெருவில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்ததால் மூடியை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். நான்கு குச்சிகளின் அடிப்பக்கமும் சிவந்திருந்தது. நான்கிலும் பெயின்ட் புதுசு. ஒன்று விரலில் ஒட்டியது.

அன்றைக்கு நான் பொட்டு வைக்க வேண்டிய படங்கள் மூன்று. மூன்றும் சுவரோரம் சாய்ந்து நின்றன. அவை தவிர அன்று போட்ட பிரேம் ஒன்றே ஒன்றுதான். அதை மத்தியானமே வார்டு ஆபீஸ் ஆள் பிரவுன் பேப்பரில் சுற்றி டாக்சியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அது புதிய ஜனாதிபதியின் படம்.

பயந்துவிட்டேன். நான் பெரிய வீரன் என்று இந்தத் தொடரில் எங்கேயும் எழுதியதில்லை. இப்போதும் எழுதப்போவதில்லை. முக்காலியில் உட்கார்ந்து, வேறு எங்கேயாவது அந்தப் பெயின்ட் பட்டிருக்காதா என்று மேசையெல்லாம் தடவிப் பார்த்தேன். எங்கேயும் படவில்லை.

உள்பக்கத்துப் பொட்டு

போன வாரம் படித்தவர்களுக்கு என் கடையைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யாங்கோன் என்று இப்போது சொல்லும் ரங்கூனில், லத்தா வட்டாரத்தில், மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே, இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்றால் அடைத்துவிடும் படக்கடை. அப்பா ஆரம்பித்தது. சாமி படம், கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம் எல்லாம் போடுவோம். ஆனால் தமிழர்கள் எங்களைத் தேடி வருவது செத்தவர்களின் படத்துக்குத்தான்.

கருமாதிக்குள் படம் தயாராக வேண்டும். பதினாறு நாள்தான் அவகாசம். அழுதுகொண்டே வருவார்கள், அழுகையோடு அவசரமும் சேர்ந்துகொள்ளும். எனக்கு இரண்டும் பழகிப்போனவை.

படத்துக்குக் குங்குமம் வைப்பதில் இந்த ஊரில் ஒரு தொந்தரவு உண்டு. மழைக்காலம் பிடித்தால் விடாது. கண்ணாடிமேல் வைத்த குங்குமம் ஒரு வாரத்தில் கரைந்து மூக்கு வழியாக இறங்கும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிடும். அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சிவப்பு எனாமல் பெயின்ட்டைத் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையில் தொட்டு, கண்ணாடியின் உள்பக்கம் பொட்டு வைப்பது. துடைத்தாலும் போகாது, மழைக்கும் போகாது.

முறை இதுதான். முதலில் கண்ணாடியைத் துடை. படத்தை அடியில் வைத்து நெற்றி எங்கே வருகிறது என்று வெளிப்பக்கம் மெழுகுப் பென்சிலால் ஒரு புள்ளி குறி. கண்ணாடியைத் திருப்பு. உள்பக்கம் பொட்டு வை. காயவிடு. பிறகு படம், பிறகு பழைய காகிதம், பிறகு பின்பலகை, ஆணி. ஒரு பொட்டுக்கு ஒரு குச்சி. ஒருவர் நெற்றியில் பட்ட குச்சி இன்னொருவர் நெற்றியில் படக்கூடாது என்று அப்பா சொல்வார். வேலை முடிந்ததும் குச்சிகளைத் தகர மூடியில் போட்டு, சாயங்காலம் எண்ணிவிட்டு வெளியே எறிவது வழக்கம்.

நாற்பது வருஷமாகச் செய்கிறேன். என் கை இதைச் செய்யும்போது நான் கூட இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. வினையே அதுதான்.

சீருடையில் இருந்தவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் சொல்வதும் இல்லை. ஜெனரல் என்போம். உள்நாட்டுப் போர் தொடங்கியபோது ஜெனரல், போர் நடந்துகொண்டிருந்தபோதும் ஜெனரல். போர் முடியாமலே ஒருநாள் ஜனாதிபதி ஆனார்.

படம் மாறியது. முன்பு இருந்த படத்தில் பச்சைச் சீருடையும் நெஞ்சு நிறையப் பதக்கங்களும் இருந்தன. புதிய படத்தில் வெள்ளைச் சட்டை, பட்டு ஜாக்கெட், தலையில் பர்மியப் பெரியவர்கள் விசேஷத்துக்குக் கட்டும் ரோஜா நிறத் தலைப்பட்டு. கல்யாண வீட்டில் வாசலில் நின்று வரவேற்கும் மாமனார்போல இருந்தார். நான் இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண் அதே கண்தான்.

அப்பா காலத்திலும் இப்படித்தான். ஜெனரலாக இருந்த ஒருவர் சீருடையைக் கழற்றிவிட்டுத் தலைவராவார். நாங்கள் பிரேம் போடுவோம். கொஞ்ச வருஷம் கழித்து இன்னொருவர் வருவார். பழைய படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிப் போவார்கள். கழற்றிய படத்தை என்ன செய்வது? கிழித்தால் வம்பு, வெளியே எறிந்தாலும் வம்பு. அப்பா அதையெல்லாம் பின்பலகைக்கு முன்னால் வைக்கும் பழைய காகிதமாகப் பயன்படுத்தினார். கனத்த காகிதம், நன்றாக உழைக்கும்.

ஆக, எங்கள் கடையில் பிரேம் போட்ட தமிழ்த் தாத்தாக்கள் பலருக்குப் பின்னால் யாராவது ஒரு ஜெனரல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் வீட்டுப் படத்தைக் கழற்றிப் பார்க்காதீர்கள்.

அப்போதெல்லாம் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. மாறிக்கொண்டே இருப்பார்கள், நமக்கென்ன, நமக்குப் பிரேம் வேலை என்று நினைத்தேன். என்ன திமிர் பாருங்கள்.

அந்த ஒரு நிமிஷம்

எனக்கு ஒரே மகன். செந்தில். இருபத்து நான்கு வயது. பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் தீஹா என்ற பர்மியப் பெயர். செல்போன் ரிப்பேர் செய்வான். தமிழ் புரியும், பேசும்போது பாதி பர்மியாகிவிடும். அம்மாவிடம் மட்டும் முழுத் தமிழில் சண்டை போடுவான்.

கட்டாய ராணுவச் சேவை வந்த பிறகு, எங்கள் வீடு இருக்கும் தின்கன்ஜூன் வார்டிலும் வீட்டுக்கு வீடு பையன்கள் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். பட்டியலில் செந்தில் பெயர் இருந்தது. அவனை மாவ்பியில் என் மைத்துனி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். காய்கறித் தோட்டம், ஊருக்கு ஒதுக்குப்புறம். அங்கே களை பறித்துக்கொண்டு இருந்தான்.

என் மனைவி வள்ளி ஒரே பிடியாக நின்றாள்.

"எல்லைக்கு அனுப்பிடலாங்க. பக்கத்து வீட்டு மா கின் மகன் தாய்லாந்து போய்ச் சேந்துட்டான்ல. ஆள் இருக்கு, வழி இருக்கு. எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கோம்?"

நான்தான் இழுத்தடித்தேன். வழியில் பிடிபட்ட பையன்கள் கதை எனக்குத் தெரியும். போய்ச் சேர்ந்தவர்கள் கதையும் தெரியும். ஆனால் எனக்குப் பிடிபட்டவர்கள் கதைதான் மனதில் நின்றது.

அப்போதுதான் வார்டுத் தலைவர் ஊ சோ படத்தோடு கடைக்கு வந்தார். எங்கள் தெருக்காரர். இங்கே மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் ஆணுக்கு ஊ, பெண்ணுக்கு டோ சேர்ப்பார்கள். முன்னே சைக்கிள் டயர் விற்றவர். புதிய ஜனாதிபதி படம், தேக்குச் சட்டம், நல்ல கண்ணாடி, வார்டு ஆபீசில் டவுன்ஷிப் அதிகாரிகள் முன்னால் மாட்ட வேண்டும் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"உங்க பையன எங்கேயும் அனுப்பிடாதீங்க, ஊ ராஜு. ஓடிப்போனான்னா வீட்டுக்கே கஷ்டம். வேலைய நல்லா செஞ்சு குடுங்க. இந்தத் தடவ அவன் பேரு வராம நான் பாத்துக்கறேன்."

நான் அதை நம்பினேன். சாமி சத்தியமாக நம்பினேன். அந்தப் படத்துக்கு நான் இழைத்த சட்டத்தைப் போல என் சொந்த அப்பா படத்துக்குக்கூட இழைக்கவில்லை.

குச்சியை எண்ணிய அன்று காலை மேசையில் நான்கு கண்ணாடிகள் வரிசையாகக் கிடந்தன. மூன்று துக்கப் படங்கள். அதில் இரண்டு, சண்டைக்குப் போன சின்னப் பையன்களுடையது. உடல் வரவில்லை, போனில்தான் செய்தி வந்தது என்றார்கள். கடைசிக் கண்ணாடி ஜெனரலுடையது. மூன்றாவது பொட்டை வைக்கும்போது செந்தில் போன் செய்தான். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"அப்பா, ஏஜெண்டு இன்னைக்கே பதில் கேக்குறாரு. எல்லைக்கு, மியாவடிக்குப் போற வண்டி நாளைக்கு. போகவா, வேணாமா?"

"அவசரப்படாதடா. ஊ சோ வாக்குக் குடுத்திருக்காரு."

"அவர நம்பலாமாப்பா?"

"எனக்காக ஒரு பத்து நாள் பொறு. போகாத."

தோட்டத்தில் யாரோ மோட்டார் போடும் சத்தம் கேட்டது. "சரிப்பா" என்றான்.

அவன் சரி என்று சொன்ன அந்த நிமிஷத்தில்தான் என் கை நான்காவது கண்ணாடியைத் திருப்பி, நான்காவது குச்சியைப் பெயின்ட்டில் தொட்டு, பொட்டு வைத்திருக்கிறது. இப்போது நினைத்துப் பார்த்தால் விரலில் குச்சி இருந்ததுகூட ஞாபகம் வருகிறது. அன்று வரவில்லை. மகன் போகமாட்டான் என்ற நிம்மதியில் படத்தை வைத்து, பலகை வைத்து, ஆணி அடித்துவிட்டேன்.

டோ எஸ்தர்

மறுநாள் காலை சாப்பிடாமலே வார்டு ஆபீசுக்கு ஓடினேன். பேப்பரைப் பிரிப்பதற்குள் போய்விட்டால் ஏதாவது சொல்லி வாங்கி வந்துவிடலாம் என்று கணக்கு. பிரித்திருந்தார்கள்.

படம் மேசைமேல் சுவரில் சாய்ந்து நின்றது. ரோஜா நிறத் தலைப்பட்டுக்குக் கீழே, இரண்டு புருவத்துக்கும் நடுவில், வட்டமாக, துளிகூடப் பிசகாமல் என் பொட்டு. வேலை சுத்தமாக இருந்தது என்பதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊ சோ படத்தின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது என்ன சிவப்பா?"

அந்த ஆபீசில் பதிவு எழுதும் டோ எஸ்தர் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தார். கிறிஸ்தவத் தமிழ் அம்மா. மிஷன் பள்ளிக்கூடத்தில் என் அக்காவோடு படித்தவர். படத்தைக் கிட்டே வந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது எழவு வீட்டுப் படமாட்டம்ல இருக்கு?" என்று தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"கை தவறிப்போச்சு, எஸ்தரு. காப்பாத்து" என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஊ சோ பக்கம் திரும்பி, பர்மியில், இந்தியர்கள் பெரிய மனிதர்களுக்கு வைக்கும் மரியாதைக் குறி, கோவிலில் சாமிக்கும் வைப்பார்கள் என்று சொன்னார். அதில் பொய் என்று எதுவும் இல்லை. ஊ சோ தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போயிற்று என்று நினைக்கிறேன்.

"நல்லதுதான். ஆனா மேலிடத்துல கேப்பாங்க. தொடச்சிடுங்க."

துடைத்தால் போகாது, உள்பக்கம் இருக்கிறது, கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. நாளைக்குக் காலை பத்து மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள், அதற்கு முன்னால் நீங்களே கொண்டுவந்து நீங்களே ஏறி மாட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

வாசல்வரை எஸ்தர் கூட வந்தார்.

"உயிரோட இருக்கறவங்க செத்துட்டாங்கன்னு சொன்னா ஆயுசு கூடும்னு உங்க ஆளுங்க சொல்வாங்கல்ல அண்ணே?"

"ஆமா."

"அப்ப நீங்க வச்சதுல அவருக்கு ஒரு இருவது வருசம் கூடியிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். தப்பித்துவிட்டோம் என்ற சிரிப்பு. அதற்குப் பிறகு நான் அப்படிச் சிரிக்கவில்லை.

சுரண்டியது

தேக்குச் சட்டமும் கண்ணாடியும் சேர்ந்து நல்ல கனம். எனக்கு வலது தோள் இறங்கிப்போய் ஒரு வருஷம் ஆகிறது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. மேசையில் வேலை செய்யலாம், ஏணியில் ஏறி மாட்ட முடியாது. கடைக்குத் திரும்பும் வழியிலேயே மாவ்பிக்குப் போன் செய்தேன்.

வள்ளிக்குச் செய்தி தெரிந்ததும் கடைக்கே வந்துவிட்டாள்.

"அவன எதுக்கு வரச் சொன்னீங்க? தெருவுல ஆளே இல்லையா? ஒரு சைக்கா வண்டிக்காரனக் கூப்புட்டா தூக்கி மாட்டிட்டுப் போறான்."

"பொட்டு வச்ச படத்த வெளி ஆள் கையில குடுக்கச் சொல்றியா? நாலு பேருகிட்ட சொல்லிட்டான்னா?"

"எனக்கு மனசு சரியில்லங்க."

"வாக்குக் குடுத்தவரு ஆபீசுக்குத்தான்டி போறோம். அதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊர்ல இல்ல."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

செந்தில் மத்தியானம் வந்து சேர்ந்தான். வெயிலில் கறுத்திருந்தான். நகத்தில் தோட்டத்து மண். பையில் அவன் சித்தி கொடுத்தனுப்பிய புளிச்சக் கீரைக் கட்டு. அம்மாவும் மகனும் கடை வாசலில் நின்றபடியே எதற்கோ சண்டை போட்டார்கள். அவளுக்கு அவனைப் பார்த்ததில் சந்தோஷம், காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து பின்பலகையைக் கழற்றினோம். உள்ளே இருந்த பழைய காகிதத்தை அவன் உருவிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். புதிய படத்துக்குப் பின்னால் நான் வைத்திருந்தது அதே ஆளின் பழைய படம், சீருடையில்.

"அப்பா, சட்டைய மட்டும் மாத்தி ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சிருக்கீங்க."

"காகிதம் கனமா இருந்திச்சுடா."

பிளேடால் நான் பொட்டைச் சுரண்டினேன். எனாமல் லேசில் வராது. தூள் தூளாக வந்தது. அவன் பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, இன்னும் ஒரு கீறல் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் என்று மூன்று தடவை துடைக்கவைத்தான். மொபைல் திரை துடைத்துப் பழகிய கண். ஒன்றும் தெரியாத அளவுக்குச் சுத்தமான பிறகுதான் விட்டான்.

மூன்று பேரும் பக்கத்து லப்பயேக் கடையில் டீ குடித்தோம். அவன் இரண்டு சமோசா தின்றான். அவ்வளவுதான் அந்த மத்தியானம். பெரிதாக எதையும் பேசிக்கொள்ளவில்லை.

ஏணி

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வார்டு ஆபீசில் இருந்தோம். ஊ சோ செந்திலைப் பார்த்து, "வந்துட்டியா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எஸ்தர் அன்று தலையை நிமிர்த்தவே இல்லை. ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

மூங்கில் ஏணி. நான் கீழே பிடித்துக்கொண்டேன். செந்தில் மேலே ஏறினான். கம்பியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, படத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்பா, நேரா இருக்கா?"

"இடது பக்கம் கொஞ்சம் எறக்கு."

"இப்ப?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் வாசலில் வண்டி வந்து நின்றது. பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். இரண்டு அதிகாரிகள், பின்னால் நான்கு சிப்பாய்கள். கையில் தாள் வைத்திருந்தவர் முதலில் படத்தைப் பார்த்தார், பிறகு ஏணியில் நின்றவனைப் பார்த்தார்.

"பையன் யாரு?"

நான் ஊ சோவைப் பார்த்தேன். அவர் மேசையிலிருந்த டீக்கோப்பையின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டையக் காட்டு."

செந்தில் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். அவர் தாளில் விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தார். விரல் நின்றது.

"எறங்கு."

அவன் இறங்கினான். நான் ஏணியை விடாமல் பிடித்திருந்தேன். அவன் கால் தரையில் பட்ட பிறகும் பிடித்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. இவன் வேலைக்கு வந்த பையன், தலைவர் சொல்லித்தான் வந்தான், ஐயா ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று பர்மியிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினேன். என் தோளில் ஒரு சிப்பாய் கை வைத்தான், இறங்கிப்போன தோளில். உட்கார்ந்துவிட்டேன்.

செந்தில் திரும்பிப் பார்த்து, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்பா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான். போன் செய்து சொல்லலாம் என்று நினைத்திருக்கிறான். போனை வாசலிலேயே வாங்கிவிட்டார்கள்.

அவர்கள் வந்தது படத்துக்காக மட்டும் இல்லை. அந்த மாசத்துப் பட்டாளக் கணக்குக்கு எங்கள் வார்டில் ஓர் ஆள் குறைந்தது. ஊ சோ என் மகனை எழுதிக் கொடுத்தாரா, இல்லை பயந்துபோய்ச் சும்மா இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் தெருவில் என்னை மடக்கி, "நான் என்ன செய்வேன், ஊ ராஜு, மேலிடம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. கோபமும் வரவில்லை. டயர் விற்றுக்கொண்டு இருந்திருக்கலாமே ஐயா என்று மட்டும் சொன்னேன்.

படம் அன்று நேராக மாட்டப்பட்டதா என்பதை நான் பார்க்கவில்லை.

மூன்று போன்

பயிற்சி முகாமிலிருந்து மூன்று தடவை பேசினான். முதல் தடவை, சோறு பரவாயில்லை என்றான். இரண்டாவது தடவை, தன்னோடு இன்னொரு தமிழ்ப் பையன் இருக்கிறான், ஊர் மாவ்லமியேன் பக்கம் என்றான். மூன்றாவது தடவை அம்மாவிடம் மட்டும் பேசினான். வடக்கே அனுப்புகிறார்கள் என்று சொன்னானாம். வேறு என்ன பேசினான் என்று வள்ளி சொல்ல மறுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது. போன் இல்லை, கடிதம் இல்லை. கேட்கப் போன இடத்தில் எல்லாம் பட்டியலில் பெயர் இல்லை என்கிறார்கள். செத்தவர்கள் பட்டியலிலும் இல்லை, இருப்பவர்கள் பட்டியலிலும் இல்லை. எந்தப் பட்டியலில் அவன் பெயர் இருந்து எங்களைக் கெடுத்ததோ, அது மட்டும் உடனே கிடைத்தது.

வள்ளி என்னைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும். நான் வரச் சொன்னதையும், எல்லைக்குப் போகாதே என்று தடுத்ததையும் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சோறு போடுகிறாள், தோளுக்கு எண்ணெய் தேய்க்கிறாள். ராத்திரி பக்கத்தில் படுத்து, விழித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்தப் பொட்டை வைக்காமல் இருந்தால் படம் திரும்பி வந்திருக்காது. திரும்பி வந்திருக்காவிட்டால் அவன் மாவ்பியில் களை பறித்துக்கொண்டு இருந்திருப்பான். போனில் போகாதே என்று சொல்லாமல் இருந்தால் மியாவடி வண்டியிலேயே ஏறியிருப்பான். எப்படிப் போட்டாலும் கணக்கு என் கையில்தான் வந்து முடிகிறது. மறுபடியும் முதலிலிருந்து போடுகிறேன். எனக்கு வேறு வேலை இல்லை.

உண்மையில் வேலை நிறைய இருக்கிறது. கடைக்கு இப்போது பையன்கள் படம்தான் அதிகம் வருகிறது. பெற்றவர்கள் மேசைமேல் படத்தை வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே, "பொட்டு வேணாம் அண்ணே" என்கிறார்கள். சும்மா பிரேம் மட்டும் போதும் என்கிறார்கள். நானும் ஏன் என்று கேட்பதில்லை.

நெற்றி

போன மாசம் வள்ளி அவன் செல்போன் கடையில் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். காதில் ஸ்க்ரூ டிரைவர் செருகிக்கொண்டு சிரிக்கும் படம்.

"பெருசாக்கிப் பிரேம் போடுங்க. கூடத்துல மாட்டணும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"சும்மா மாட்டறதுக்குத்தான். எல்லார் வீட்லயும் புள்ளைங்க படம் மாட்டறதில்லையா?"

மறுநாள் கடையில் தனியாக உட்கார்ந்து போட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். படத்தை அடியில் வைத்தேன். மெழுகுப் பென்சில் எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. அவன் நெற்றிக்கு நேரே குறி வைத்திருந்தேன்.

அப்படியே நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து எஸ்தர் சொன்னது ஞாபகம் வந்தது. உயிரோடு இருப்பவனுக்கு வைத்தால் ஆயுள் கூடும். அந்த ஜெனரலுக்கு நான்தான் கூட்டிக் கொடுத்தேன். அவர் நன்றாகத்தான் இருக்கிறார், தினமும் டிவியில் வருகிறார். அப்படியானால் என் மகனுக்கும் வைத்துவிடலாமா? வைத்தால் கூடுமா? அவன் உயிரோடு இருந்தால்தானே அது கூட்டல். இல்லாவிட்டால் அது வெறும் பொட்டு.

பெயின்ட் டப்பாவைத் திறந்து, ஒரு குச்சியை எடுத்து, கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு வியாபாரி நார்த்தங்காய் கூவிக்கொண்டு போனான். குச்சி முனையில் பெயின்ட் காய்ந்துவிட்டது. குறியைத் துடைத்துவிட்டு, படத்தை வைத்து ஆணி அடித்தேன். பின்பலகைக்கு முன்னால் பழைய காகிதம் எதையும் வைக்கவில்லை. வெள்ளைத்தாள் வாங்கி வைத்தேன்.

படம் இப்போது கூடத்தில் இருக்கிறது. பூ இல்லை, விளக்கு இல்லை. பக்கத்து வீட்டு ஆளே ஏறி மாட்டிக் கொடுத்தார். நேராக இருக்கிறதா என்று அவர் கேட்டபோது நான் வெளியே போய்விட்டேன்.

வள்ளி காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நிற்கிறாள். கும்பிடுவதில்லை. அவன் நெற்றியை மட்டும் பார்க்கிறாள். முதலில் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் பின்னால் போய் நின்று கேட்டேன்.

"என்ன பாக்குற?"

அவள் திரும்பவில்லை.

"உங்க கை வச்சிருச்சான்னு பாக்குறேன்" என்றாள்.